அக்கா சுட்ட பம்பி வளையம்

மார்ச் பதினேழாம் திகதி, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். மழை இல்லை, கடலோரக் களப்பிலிருந்து உப்புக்காற்று. எங்கள் அக்கா மின்சூளைக் கதவைத் திறக்க இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

அக்கா கற்பிட்டியில் எங்கள் ஐவரில் மூத்தவராகப் பிறந்தார். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, பீங்கான் தொழிற்சாலையொன்றின் ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றினார். ஓய்வுபெற்று வந்தால் செபமாலையும் பூந்தோட்டமுமாக இருப்பார் என்று நினைத்தோம். அவரோ பாலாவிக்குப் போய், லொறியைத் தூக்கும் ஜக் ஒன்று வாங்கி வந்தார்.

அந்த ஜக்கினால், பீங்கானாகச் சுடும் அலுமினாப் பொடியை இரும்பு அச்சுக்குள் அழுத்தி வளையம் செய்வார். அயலில் இறால் பண்ணை வைத்திருந்த, நாங்கள் நானா என்றழைக்கும் முஸ்லிம் அயலவரின் நீர்ப்பம்பியில் இரும்பு வளையத்தை உப்புத்தண்ணீர் தின்றுவிடும்; பீங்கானைத் தின்னாது என்றார். நான் அளந்து பார்த்தேன். அழுத்திய வளையம் பம்பிக்கு வேண்டிய அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிது.

"அளவு பிழை, அக்கா."

"சூட்டில பொடிக்கு நடுவில இருக்கிற இடைவெளி மூடும், தம்பி. வளையம் சுருங்கி இறுகும். அதுக்குத்தான் பெரிசாச் செஞ்சது."

நான் நம்பவில்லை. வளையம் சூளைக்குள் ஆறிக்கொண்டிருந்தபோது நானாவின் பழைய வளையம் உடைந்தது. புத்தளம் கடைகளில் வேறு இருக்கவில்லை. பம்பி நின்றதால் குளத்து இறால்கள் மூச்சுக்கு மேலே வந்துவிட்டன என்று, அந்த இரண்டு பத்துக்கு நானா ஓடிவந்தார்.

"தொறங்களேன் அக்கா, எல்லாம் செத்துப் போகும்."

அக்கா கதிரையை இழுத்துச் சூளைக் கதவோடு போட்டு உட்கார்ந்தார்.

"சூட்டோட திறந்தா வெடிக்கும், நானா. பிறகு வளையமும் இல்ல, இறாலும் இல்ல. தேத்தண்ணி குடிங்க."

நான் மணிக்கூட்டைக் காட்டி நானாவுக்காகப் பேசினேன். எனக்கு எண்ணத்தான் தெரியும், பொறுக்கத் தெரியாது என்று அக்கா சிரித்தார்.

மூன்று மணிக்குத் திறந்தார். வெள்ளை வளையம், நகத்தால் தட்ட மணிபோல் ஒலித்தது. இரண்டு தரம் அளந்தேன். சரி. மூன்று நாற்பதுக்குப் பம்பி ஓடியது. தெறித்த தண்ணீரில் நனைந்தபடி அக்கா குளத்து வரம்பில் நின்று கை தட்டினார். இறால்கள் கீழே போயின.

மூன்று வருடங்கள் கழித்து, இரண்டு நாள் காய்ச்சலில், வலியின்றி அக்கா போனார். அன்றும் அந்தப் பம்பி ஓடியது.

இந்த முதலாம் ஆண்டு நினைவில், பார்த்த வைத்தியருக்கும், தாதியருக்கும், பங்குத்தந்தைக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், முப்பத்தோராம் நாளுக்குச் சோறு சமைத்துத் தந்த உறவினருக்கும் எங்கள் நன்றி. அந்த முப்பத்தோராம் நாள் நானா இருபத்திரண்டு கிலோ இறாலோடு வந்தார். நான் காசை எடுத்தேன்.

"அக்காட வளையம் இன்னும் ஓடுது. சல்லிய உள்ள வைங்க."

ஆகவே நூற்று நாற்பது பேரின் விருந்தில் தேங்காயும் புளிக்குத் தேசிக்காயும் மட்டுமே என் செலவு: ஆறாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.