றெஜியின் ஒஸ்ரின் குடித்த தண்ணீர்

இது நடந்தது. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. ஆனால் சாருஜனின் வலது மணிக்கட்டைப் பார்த்த யாரும் இதுவரை சிரித்ததில்லை.

சாருஜன் ஜெயபுரத்துக்காரன். வயது முப்பத்தாறு. பரந்தனில் சொந்தமாகக் கராஜ் வைத்திருக்கிறான். பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால், ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாகனத்துக்கு அடியில் போய்ப் படுத்துவிடுகிற ஆள். பழைய கார் என்றால் மட்டும் அவனுக்குப் பைத்தியம்.

போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை, முல்லைத்தீவுக் கரையிலிருந்து றெஜி என்பவர் லொறியில் ஒரு காரை ஏற்றிக்கொண்டு வந்தார். படகு வைத்துத் தொழில் செய்கிறவர். கார், 1958ஆம் ஆண்டு ஒஸ்ரின். விசுவமடுவில் ஒரு விதவையிடம் வாங்கியது. சனிக்கிழமை தங்கை நிறஞ்சனாவுக்குக் கலியாணம். கலியாணப் பொம்பிளை இந்தக் காரில்தான் மாதா கோயிலுக்கு வருவாள் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ஆனால், வாங்கிய நாளிலிருந்து றோட்டில் விட்டால் எஞ்சின் கொதிக்கிறது.

"மூண்டு பேர் பாத்தாச்சு. மூண்டு பேரும் காசை வாங்கிக்கொண்டு பேய்க்காட்டிப் போட்டாங்கள்," என்றார். "நீயும் பேய்க்காட்டினா எனக்கு வேற மாதிரிக் கோவம் வரும்."

சாருஜன் எஞ்சின் மூடியான பொனற்றைத் தூக்கினான். வேலையைத் தொடங்கினான்.

ரேடியேற்றரைக் கழுவினான். அடைப்பு இல்லை. தேர்மோஸ்ராற்றைக் கழற்றிக் கொதிநீரில் போட்டான். சூடேறியதும் ஒழுங்காகத் திறந்தது. பான் பெல்ற் இறுக்கம். வோட்டர் பம்ப் நல்லது. ஒயிலில் தண்ணீர் கலக்கவில்லை. புகைக்குழாயிலும் வெள்ளைப் புகை இல்லை. புதுத் தண்ணீர் விளிம்புவரை நிரப்பி நின்ற இடத்திலேயே எஞ்சினை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டான். வெப்பமானியின் முள் நடுவில் நின்றது. அசையவே இல்லை.

"குறை ஒண்டும் இல்லை அண்ணை. ஓடிப் பாத்தாத்தான் தெரியும்."

11.20க்குப் புறப்பட்டார்கள். றெஜி ஓட்டினார். சாருஜன் பக்கத்தில் இருந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். பின்சீற்றில் ஐந்து லீற்றர்க் கான் இரண்டு. இரண்டிலும் தண்ணீர்.

விசுவமடு தாண்டியது. நேரம் 11.52.

முள் ஏறவில்லை... பாய்ந்தது. நடுவிலிருந்து ஒரே தாவலில் சிவப்புக்கு.

"நிப்பாட்டுங்கோ!"

இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். ஒரு சனம் இல்லை. சாருஜன் பொனற்றைத் தூக்கினான். அனல் முகத்தில் அடித்தது. ஆனால் ஒழுக்கு இல்லை. கீழே மண் காய்ந்து கிடந்தது. ஆறட்டும் என்று அரை மணித்தியாலம் காத்திருந்தான். றெஜி வெயிலில் நின்று அவனைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

12.25. துணியைப் போட்டு ரேடியேற்றர் மூடியைத் திறந்தான்.

ஆவி வரவில்லை. போன் வெளிச்சத்தை அடித்து உள்ளே பார்த்தான். செப்புத்தகடு பளபளத்தது. ஈரமே இல்லை. காலையில் அவன் கையால் நிரப்பிய தண்ணீர்... அவ்வளவும் இல்லை.

"தண்ணி விடாமக் கொண்டு வந்தனியா?" றெஜி கத்தினார்.

"உங்கடை கண்ணுக்கு முன்னாலைதானே விட்டனான்!"

முதல் கானைச் சரித்தான். தண்ணீர் இறங்கிய சத்தம் வேறு மாதிரி இருந்தது. கொட்டுகிற சத்தம் இல்லை.

மடக்... மடக்... மடக்...

ஐந்து லீற்றரும் போனது. மட்டம் ஏறவில்லை. குனிந்து கீழே பார்த்தான். காய்ந்த மண்.

"மற்றதைத் தாங்கோ."

றெஜி கானை நீட்டினார். கிட்ட வரவில்லை. அந்தச் சத்தத்தை அவரும் கேட்டிருக்கிறார்.

மடக்... மடக்...

இந்த முறை வேகமாக. இடையில் ஒரு மூச்சு. சூடான மூச்சு, சாருஜனின் விரல்களில் பட்டது. இரத்த வாடை.

பின்சீற்றின் கம்பிச்சுருள் முனகியது.

கிறீச்...

படுத்திருக்கிற ஒருவர் புரளுவதுபோல. காரின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. றெஜி கண்ணாடி வழியாகப் பார்த்தார். சீற் வெறுமையாக இருந்தது. நடுவில் மட்டும், ஆள் நீளத்துக்கு ஒரு பள்ளம்.

"தம்பி... விட்டிட்டு வா."

சாருஜன் கானை இழுத்தான்.

வரவில்லை.

ரேடியேற்றரின் வாய் கானைப் பிடித்திருந்தது. உறிஞ்சியது. கான் உள்ளே சுருங்கியது. பிளாஸ்ரிக் நொறுங்கியது.

பிறகு காற்று மட்டும்... உறிஞ்சும் சத்தம்.

கான் காலி.

ஒரு கணம் அமைதி.

அதன்பின், தண்ணீரே இல்லாத அந்த வாயிலிருந்து ஆவி சீறியது.

12.34.

சாருஜன் அலறிக்கொண்டு விழுந்தான். றெஜி அவனை இழுத்துக்கொண்டு றோட்டால் ஓடினார். பின்னால் பொனற் தானாக விழுந்து மூடிய சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் போன ஒரு உழவு இயந்திரம் அவர்களை ஏற்றியது.

ஆவி மேல்நோக்கித்தான் அடித்தது. ஆனாலும் முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வெந்தது மணிக்கட்டு மட்டும். வளையம்போல, சுற்றிவர. மருந்து கட்டிய தாதி இரண்டு தரம் கேட்டாள்: "ஆர் பிடிச்சது?"

நிறஞ்சனா வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் கோயிலுக்குப் போனாள். காரை லொறியில் ஏற்றிக் கொண்டுபோன றெஜி, அதை வீட்டு வளவுக்குள் எடுக்கவில்லை. வெளியே, வேலிக்கு அப்பால் விட்டார். சாருஜனுக்கு மட்டும் மனம் ஆறவில்லை. கட்டு அவிழ்த்த அடுத்த நாளே விசுவமடுவுக்குப் போய், காரை விற்ற நேசமலரைக் கண்டான்.

அவா மணிக்கட்டைப் பார்த்தா. உடனே கண்ணை எடுத்துவிட்டா.

"சண்டைக் காலத்திலை, என்ரை மனுசன் அந்தக் காரிலை காயக்காரரை ஏத்தினவர்," என்றா. "ஒருநாள் வயித்துக் காயத்தோடை ஒரு ஆள். வயித்துக் காயத்துக்குத் தண்ணி குடுக்கக் கூடாது எண்டு டொக்டர் சொல்லி விட்டவர். அந்தாள் வழி முழுக்கத் தண்ணி, தண்ணி எண்டு கேட்டவராம். பாதி வழியிலை கார் கொதிச்சு நிண்டிட்டுது. இருந்தது ஒரு கான் தண்ணி. இவர் அதை எடுக்க, தனக்குத்தான் எண்டு அந்தாள் கையை நீட்டினவராம்..."

"பிறகு?"

"ரேடியேற்றருக்கை ஊத்திப் போட்டார். முழுக்க. அந்தாள் பாத்துக்கொண்டு கிடந்தவர்."

சாருஜன் மற்றக் கையால் மணிக்கட்டைப் பொத்தினான். "காரிலையே செத்துப் போனவரோ?"

நேசமலர் றோட்டுப் பக்கம் பார்த்தா.

"அது தெரியாது தம்பி. பொனற்றைப் பூட்டிப் போட்டு வந்து பாக்க, பின்சீற்றிலை ஆள் இல்லை. எழும்பி இருக்கவே ஏலாத மனுசன். நாலு பக்கமும் வெறும் வயல். அந்தாள் காரை விட்டு இறங்கினதை ஒருத்தரும் காணேல்லை."