அவள் சொன்னது சிம்ப், என் காதில் விழுந்தது ஷ்ரிம்ப்

கடலூர் பக்கத்து மீனவர் கிராமம் எங்களுடையது. படிக்கும்போது அண்ணாமலை நகர் விடுதியில் என் அறைத்தோழி பண்ருட்டி ரம்யா. அம்மா கொடுத்தனுப்பும் இறால் தொக்கை என்னைவிட அவள்தான் ரசித்துச் சாப்பிடுவாள்.

ஒருநாள் கேன்டீனுக்குள் நான் நுழையும்போது, ரம்யா “சரியான ஷ்ரிம்ப்!” என்றது காதில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஷ்ரிம்ப் என்றால் இறால். என் பிறப்பைத்தான் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றே வேறு அறைக்கு மாறிவிட்டேன்.

“இன்னாடி ஆச்சு? நான் இன்னா பண்ணேன்?” என்று பின்னாலேயே வந்தாள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். படிப்பு முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். நேரில் வந்து அழைத்தாள், நான் போகவில்லை.

சென்ற மாதம் என் தம்பி தன் நண்பனை “சிம்ப்” என்று திட்டினான். “அப்டின்னா?” என்று கேட்டேன்.

“பொண்ணுங்க பின்னாடியே வழிஞ்சிகினு சுத்துறவன்க்கா.”

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று கேன்டீனில் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன், ஒரு பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தான். ரம்யா சொன்னது அவனை.

உடனே ரம்யாவுக்குப் போன் செய்து, நடந்ததைச் சொல்லி அழுதேன்.

“அன்னிக்கே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடி” என்றாள். பிறகு, “கல்யாணத்தன்னிக்கு நீ வருவேன்னு வாசலையே பாத்துகினு இருந்தேன்” என்றாள்.

மன்னித்துவிட்டாள். ஆனால் அவளுடைய கல்யாணப் படங்கள் எதிலும் நான் இல்லை.