கசங்கிய சட்டையில் வந்த அப்பா

அப்பா பதினான்கு வருடம் ஒரு பெரிய பயணிகள் கப்பலில் வேலை பார்த்தார். மேலே நடன மண்டபம், வாத்தியக்குழு, வெள்ளிக் கரண்டி. அப்பா இருந்தது அதற்கெல்லாம் ஏழு தளம் கீழே, ஜன்னலே இல்லாத சலவைக்கூடத்தில். ஒரு நாளைக்கு நூறு சட்டைக்கு இஸ்திரி போடுவார். அதைச் சொல்ல அவர் ஒரு நாளும் கூச்சப்பட்டதில்லை. கூச்சப்பட்டது நான்.

சின்ன வயதில் எனக்கு அவருடைய கப்பல் கதைகள் என்றால் உயிர். லீவில் வந்தாரென்றால் சாப்பிட்ட கை காய்ந்துபோகும் வரை சொல்லுவார். பயணிகளில் ஒருவரைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கீழே வரும் ஒவ்வொரு துணியிலும் அறை எண் எழுதிய துண்டு குத்தியிருக்கும். அதை வைத்தே ஆட்களைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும்.

"நூத்திப் பன்னெண்டாம் ரூம்காரரும் முப்பத்தாறாம் ரூம் அம்மாவும் ஏறும்போது யாரோ எவரோ. பத்தே நாள், ரெண்டு ரூம் துணியிலயும் ஒரே சென்ட் வாசனை. எங்களுக்குத் தெரிஞ்சப்புறம்தான் அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்பார். புயலில் கப்பல் ஆடும்போது இஸ்திரிப் பெட்டி தானாக ஓடுமாம், பின்னாலேயே இவர்கள் ஓடுவார்களாம். அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி எழுந்து போய்விடுவாள்.

எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா தலைமையாசிரியர், வீடு முழுக்கப் புத்தகம். "உங்க அப்பா என்ன பண்ணிட்டு இருந்தாரும்மா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும், "கப்பல்ல ஆபீசரா இருந்தார்" என்று வாயில் வந்துவிட்டது. வந்துவிட்டது என்பதும் பொய்தான். முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரிம்மா. ஆபீசர்னா என்னென்ன வேலைன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடு. யாராவது கேட்டா நான் உளறிடக் கூடாது" என்றார்.

அதற்குப் பிறகு என் புகுந்த வீட்டில் அவர் கப்பலைப் பற்றி வாயே திறக்கவில்லை. இன்னொன்றும் செய்தார். தன் வீட்டில் தலை துவட்டும் துண்டைக்கூட மூலைக்கு மூலை சேர்த்துத் தேய்த்து மடித்து வைக்கிற மனிதர், என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கசங்கிய சட்டையோடு வந்தார். ஏதோ அசட்டை என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அவர் தேய்த்த சட்டையைப் பார்த்தால் யார் தேய்த்தது என்று யாராவது கேட்பார்கள்.

"ஆபீசரா இருந்தவரு, ஒரு சட்டையைத் தேய்ச்சுப் போடத் தெரியல பாரு" என்று மாமியார் ஒருமுறை கிண்டலடித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நான் சொன்ன பொய்யைவிட அந்தச் சிரிப்புக்காகத்தான் இன்றைக்கும் நான் வெட்கப்படுகிறேன்.

இப்படியே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. அம்மா போன பிறகு, சென்ற வருடம் அப்பா எங்களோடு வந்துவிட்டார். வயது எழுபத்தொன்பது. என் மகளுக்கு முதன்முதலாகக் கிடைத்த வேலையில் திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிறு மாலை கூடத்து மேஜையில் போர்வையை விரித்து, வெள்ளைச் சட்டை ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா நாற்காலியில் இருந்தபடி சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உள்ளங்கை முழங்கால் மேல் முன்னும் பின்னும் போய்வந்தது.

"தாத்தா, இந்தக் காலர் மட்டும் எப்படித் தேய்ச்சாலும் சுருங்குது" என்றாள்.

"எனக்கென்னம்மா தெரியும். நான் ஆபீசர் வேலை பார்த்தவன்" என்றவர் உடனே என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை அது.

என்னால் தாங்க முடியவில்லை. "அத்தை, அப்பா ஆபீசரா இருந்ததில்லை. சலவைக்கூடத்துல இஸ்திரி போட்டார். ஆபீசர்னு பொய் சொன்னது நான்" என்றேன்.

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார். "இதை எதுக்குடி மறைச்சே? அந்த மனுஷனை நான் எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன். என்னையும் சேர்த்துல்ல பாவியாக்கிட்டே" என்றார்.

அப்பா மெல்ல எழுந்து வந்தார். காலரைத் திருப்பிப் போட்டார், விரலால் தண்ணீர் தெளித்தார், இரண்டு முனையிலிருந்தும் நடுப்பக்கமாகத் தேய்த்தார். மூன்றே நிமிடத்தில் சட்டை கடையில் வாங்கியதுபோல் ஆகிவிட்டது. மகள் அசந்துபோய், "கப்பல் எப்படி இருக்கும் தாத்தா? சொல்லுங்க" என்று அவரைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"காலையில அஞ்சு மணிக்கு மணி அடிப்பாங்க" என்று ஆரம்பித்தார். நாங்கள் காத்திருந்தோம். "மணி அடிச்சதும் நாங்க..." என்று மறுபடி ஆரம்பித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பெருசா ஒண்ணும் இல்லம்மா. சொல்லாம சொல்லாம எல்லாம் மறந்துபோச்சு."

அதை அவர் யார்மேலும் குறையாகச் சொல்லவில்லை.

சின்ன வயதில் அவரிடம் கேட்டதை நானே சொல்ல ஆரம்பித்தேன். கடைசிப் பயணத்தில், பயணிகள் எழுந்திருக்கும் முன்னால், சலவைக்கூடத்து ஆட்களை எல்லாம் மேற்பார்வையாளர் மேல்தளத்துக்குக் கூட்டிப்போன கதை. பதினான்கு வருடத்தில் முதல்முறையாக அப்பா பயணிகளின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். துரைமார் மாதிரி கால்மேல் கால் போட்டு ஒருவருக்கொருவர் காபி ஊற்றிக்கொடுத்துக் கடலைப் பார்த்தார்கள்.

அப்பா மோவாயைக் கையில் தாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா இருக்கே. அப்புறம்?" என்றார்.