உப்புக்கு அடியில் எடுத்த படம்

மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் என் செய்தித்தாளை இரவல் வாங்கினார். அதைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஓரத்திலிருந்து சாய்வாகப் பார்த்தார். சட்டைப்பை நிறைய கலர் பென்சில்கள்.

“கண்ணுல எதுவும் கோளாறாண்ணே?”

“தொழில் பழக்கம் தம்பி. வளைகுடாவுல எண்ணெய் தேடுதோம். பூமிக்குள்ள சத்தத்த அனுப்பி, திரும்பி வார எதிரொலிய வச்சுப் படம் போடுவோம். இப்படிச் சாய்ச்சுப் பாத்தாத்தான் பாறை எங்க முறிஞ்சிருக்குன்னு தெரியும்.”

“அப்ப எண்ணெயக் கண்டுபிடிச்சிரலாம்.”

“நடுவுல உப்பு மலை புதைஞ்சு கெடந்தா போச்சு. சத்தம் அதுக்குள்ள வேகமா ஓடி, வளைஞ்சிரும். அடியில இருக்கதெல்லாம் இடம் மாறித் தெரியும். அந்தப் படத்த நம்பித் தோண்டி ஏமாந்திருக்கோம்.”

ராஜபாளையத்துக்குத் தனக்குப் பெண் பார்க்கப் போகிறாராம். பெண்ணின் போட்டோ வந்த கவரை இன்னும் பிரிக்கவில்லை.

“படத்த நம்பக் கூடாது தம்பி. நேர்ல பாத்துக்கிடுவோம்.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினேன். கவர் பிரிந்திருந்தது. போட்டோவைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடியிருந்தார்.

“என்னண்ணே தெரியுது?”

“சிரிக்கா. அம்புட்டுத்தான் தெரியுது.”

அதற்கு எதற்கு ஒரு கண்ணை மூட வேண்டும் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.