மாப்பிள்ளை பேருக்கு மாமியார் ரத்தம்

எங்கள் அம்மா அழகம்மாவுக்குப் பேர் விழுந்தால் போதும். மற்றதெல்லாம் அவளுக்குத் தூசு. மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் சொல்வோம். நாங்கள் குடியிருக்கும் லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரிக்குக் காய்ச்சல் என்றால் அம்மா கூடையை மாட்டிக்கொண்டு அவள் பேருக்கு மலைக்குப் போய்விடுவாள். மேற்பார்க்கிற கண்டாக்கையா முறைத்தால், "கொழுந்து வந்துச்சா இல்லியா, அதச் சொல்லுங்க" என்பாள். கொழுந்து வந்திருக்கும். அவர் என்ன பேசுவார்?

இந்தப் பழக்கம் எங்கள் குடும்பத்தை எங்கே கொண்டு போய் நிறுத்தியது என்று கேளுங்கள்.

என் தங்கை லெட்சுமியின் புருஷன் கஜேந்திரன். டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். வாய் ஹட்டன் வரைக்கும் கேட்கும். ஆனால் அவனுடைய அப்பாவும் அண்ணனும் நாற்பதைத் தொட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தவர்கள். இவனுக்கும் நாற்பது நெருங்கியது. அந்தப் பேச்சை எடுத்தால் போதும், மாப்பிள்ளைத் துரை உடனே ஆட்டோவைக் கழுவப் போய்விடுவார். லெட்சுமிதான் பாவம், அவன் இருமினால் கூட எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்து ஆட்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். கூட வந்த கிருஷாந்தி ஹட்டன் பிள்ளை, ஆராய்ச்சி உதவியாளர். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பராவில் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினாள். சில குடும்பங்களில் ரத்தக் கொழுப்பு பிறக்கும்போதே கூடுதலாக இருக்குமாம். பரம்பரையாக வருவதாம். மரபணுவைப் பார்த்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் மாத்திரை இருக்கிறது என்றாள். ரத்தம் போவது பல்கலைக்கழகத்துப் பொது ஆய்வுகூடத்துக்கு. இருதய டாக்டர், நீரிழிவு பார்க்கிற சீனி வருத்த டாக்டர், புற்றுநோய் டாக்டர் எல்லாருக்கும் அங்கே ஒரே மெஷின்தான். முறை வர மாதக்கணக்காகும்.

"அப்ப நம்ம லயத்துப் பீலி மாதிரின்னு சொல்லுங்க. தண்ணிக்குச் சண்ட வருமே, அங்க வராதா?" என்றாள் அம்மா.

"வருமுங்கம்மா. இங்கிலீசுல வரும்" என்றாள் கிருஷாந்தி.

ரத்தம் எடுக்கும் நாளில் ஆளுக்கொரு குழாயில் பேரும் இலக்கமும் ஒட்டிக் கையில் கொடுத்தார்கள். வரிசையில் போய்த் தாதியிடம் நீட்ட வேண்டும். தாதிகள் வெளியூர்க்காரர்கள், இலக்கத்தை மட்டும்தான் பார்த்தார்கள். கஜேந்திரன் குழாயை வாங்கினான், ஊசியைப் பார்த்தான். "மாமி, ஆட்டோவுக்கு ஹயர் ஒண்ணு வந்துருச்சு" என்று குழாயை அம்மா கையில் திணித்துவிட்டு நழுவினான்.

அம்மா அதைக் கிருஷாந்தியிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டுமா இல்லையா? எங்கள் அம்மாவாவது கொடுக்கிறதாவது! தன் குழாய்க்கு இடது கையை நீட்டினாள். பிறகு தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய், மாப்பிள்ளையின் குழாய்க்கு வலது கையை நீட்டினாள். பிஸ்கட் பாக்கெட்டையும் கூச்சமில்லாமல் இரண்டாகவே வாங்கிக்கொண்டாள். எங்களிடம் மூச்சு விடவில்லை.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் கிருஷாந்தி பஸ் ஏறி வந்து வாசலில் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. கஜேந்திரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்க ரத்தத்தப் பாத்தாங்க. நீங்க பொம்பளன்னு மெஷின் சொல்லுது."

லெட்சுமி கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

"அது மட்டுமில்லண்ணே. நீங்களும் அழகம்மா அம்மாவும் ஒரே ஆளாம்."

அதாவது, அவனுக்கு அவனே மாமியார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவுக்கோ துளி வெட்கமில்லை.

"பரவால்லியே, கெட்டிக்கார மெஷின்தான்" என்றாள்.

"ஏம்மா இப்புடிச் செஞ்சீங்க?"

"மாப்புள பேரு விழ வேணாமா? ரத்தந்தான கேட்டீங்க, குடுத்தேன்."

கிருஷாந்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "உங்க ரத்தத்துல அந்த வருத்தம் இல்லம்மா. மெஷின் கண்டுபிடிக்காட்டி, அத வச்சு இவருக்கு ஒண்ணுமில்லன்னு நாங்க சொல்லியிருப்போம். இவரும் நம்பியிருப்பாரு."

அம்மா கண்ணில் தண்ணீர் வந்தது. என் வாழ்நாளில் அதை அன்றுதான் பார்த்தேன். "அடி ஆத்தே, மாப்புளயக் கொன்னுருப்பேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும் அவன் பக்கம் திரும்பினாள். "எந்திரிங்க மாப்புள. ஊசிக்குப் பயந்த ஆம்பளைக்கு என்ன சோறு?"

"ஊசிக்குப் பயமில்ல மாமி." கஜேந்திரனின் குரல் ஆட்டோவுக்குள்ளேயே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. "அண்ணன் நெஞ்சு வலிக்குதுன்னு ஆஸ்பத்திரியில காட்டுன மறுவாரமே போயிட்டான். பாக்காம இருந்தா இல்லாம இருந்துரும்னு நெனச்சேன். பயமா இருக்கு மாமி. புள்ளைங்க சின்னதா இருக்குதுங்க."

லெட்சுமி அவன் எச்சில் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

மறுநாள் அவன் ஆட்டோவிலேயே அவனை ரத்தம் எடுக்கக் கொண்டு போனோம். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, ஊசி ஏறுகிற கை மாப்பிள்ளையின் கைதானா என்று தாதியிடம் திரும்பத் திரும்பக் கேட்டு ஏச்சு வாங்கினாள். மெஷினில் முறைதான் போய்விட்டதே என்று கிருஷாந்தி கவலைப்பட்டாள். இந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த சீனி வருத்த டாக்டர், தன் முறையை விட்டுக் கொடுத்தாராம். நல்லாயிருக்கட்டும் அந்த மனுஷன்.

முடிவு வந்தது. கஜேந்திரனுக்கு அந்த வருத்தம் இருக்கிறது. ஆனால் நெஞ்சு இன்னும் பழுதாகவில்லை, மாத்திரையை விடாமல் போட்டால் பேரப்பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கிருஷாந்தி சொன்னாள். லெட்சுமி சாமி படத்துக்கு முன்னால் போய் விழுந்தாள்.

கஜேந்திரன் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தங்கச்சி, எங்கண்ணன் போனப்ப இந்த மாத்திர இருந்துச்சா?"

கிருஷாந்தி தரையைப் பார்த்தாள். "இருந்துச்சுண்ணே. டவுன் பாமசியிலேயே இருந்துச்சு."

அவன் ஆட்டோச் சாவியை எடுத்தான். அண்ணன் மகன்கள் இரண்டு பேரும் கந்தப்பளையில் இருக்கிறார்கள், மீசை முளைத்த பையன்கள்.

"அம்புட்டுத் தூரம் ஆட்டோவுலயா? காலையில பஸ்ஸுல போங்களேன்" என்றாள் லெட்சுமி.

"வேணாம். ரெண்டு பேரையும் ரத்தம் பாக்கக் கையோட கூட்டிட்டு வாறேன்."

அவன் வாசலுக்குப் போனபோது அம்மா ஏற்கெனவே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.