ஓரத்துப் பொத்தான்

உயிர் இல்லாத விரலுக்கு போன் திறக்காதாம். சிமென்ட் கலக்குகிறவரின் மச்சானுக்கு யாரோ சொல்லி, கைமாறிக் கைமாறி டைல்ஸ்காரர் காதுக்கு வந்து சேர்ந்த சேதி.

"ரத்தம் ஓடுதான்னு பாத்துட்டுத்தான் திறக்குமாம், அண்ணே" என்றார் கூட வேலை செய்தவர் ஒருவர்.

மற்றவர்கள் சிரித்தார்கள். டைல்ஸ்காரர் சிரிக்கவில்லை. தரையைத் தட்டிக்கொண்டே அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டார்.

போன் அவர் மனைவியுடையது. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பியது. பழைய போனில் ரேகை வைக்கும் இடம் முதுகுப் பக்கம் இருந்தது. இதில் வலது ஓரத்தில், திரையை அணைக்கும் பொத்தானிலேயே வைத்திருந்தார்கள். வந்த அன்று டைல்ஸ்காரரும் விரலைப் பதியப் பார்த்தார். போன் அவரை ஏற்கவில்லை.

"ஊருக்கெல்லாம் தரை போட்டு, ரேகையையும் சேத்துப் பூசிட்டு வந்துட்டீங்க. திருடப் போனாக்கூட யாரும் உங்களப் பிடிக்க முடியாது" என்றாள் மனைவி.

"நீதான் பிடிச்சுட்டியே" என்றார் இவர்.

அவளுடைய வலது கட்டைவிரலை மட்டும் பதிந்தார்கள்.

அடுத்த மழைக்குள் வாதம் வந்து அவளுடைய வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. போனைத் திறக்கும் எண் அவள் மனதில் இருந்தது, நாக்குக்கு வரவில்லை. ஆகவே காலையில் வேலைக்குக் கிளம்புமுன் டைல்ஸ்காரர் கட்டிலில் உட்கார்ந்து, துவைத்துப் போட்ட துணிபோலக் கிடந்த அந்தக் கையை எடுத்து, கட்டைவிரலைப் பொத்தானில் வைப்பார். திரை திறந்துகொள்ளும்.

"ஓடுது" என்பார். அவள் பாதி வாயால் சிரிப்பாள். பிறகு மகனைக் கூப்பிடுவார்கள்.

"அம்மா கை எப்படிப்பா இருக்கு?" என்று மகன் ஒருநாள் கேட்டான்.

"போனை அவளே திறக்கிறாடா." வாயில் வந்துவிட்டது.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறான் என்று புரிந்தது. "அப்ப ஊருக்கு வர எடுத்த டிக்கெட்டத் தள்ளிப் போடட்டுமாப்பா? இங்க லீவுன்னாலே மூஞ்சியத் திருப்புறாங்க."

"போடுப்பா. என்ன அவசரம்."

பக்கத்தில் படுத்திருந்தவள் இவரையே பார்த்தாள். இவர் ஜன்னலைப் பார்த்தார். அதற்குப் பிறகு, "இன்னைக்கும் அம்மாதான் திறந்தாங்களா?" என்பதுதான் மகனின் முதல் கேள்வி. "வேற யாரு?" என்பதுதான் இவர் பதில்.

இன்று காலை போன் திறக்கவில்லை.

விரலைத் துடைத்து வைத்தார். திறக்கவில்லை. "குளிருதா?" என்று கேட்டு, சொரசொரத்த தன் உள்ளங்கைகளுக்குள் அந்தக் கையை வைத்துத் தேய்த்தார். சூடு ஏறவே இல்லை. அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. விரலை மட்டும் பார்த்தார். திரும்பத் திரும்ப வைத்தார். வேலைக்குப் போகும் நேரம் போனது. மகனைக் கூப்பிடும் நேரமும் போனது.

காத்துப் பார்த்த மகன் தானே கூப்பிட்டான். திரையில் அவன் முகம். பச்சையைத் தள்ளினால் போதும், விரல் வேண்டாம். அது அவருக்கும் தெரியும். ஆனால் எடுத்தவுடன் அவன் அந்த முதல் கேள்வியைத்தான் கேட்பான்.

"ஒரு தடவை, ஒரே ஒரு தடவைம்மா" என்று அவள் கட்டைவிரலைப் பொத்தானில் வைத்து, அதன்மேல் தன் விரலை வைத்து அழுத்தினார்.

மணிச் சத்தம் சட்டென்று நின்றது. அழைப்பு வரும்போது அந்தப் பொத்தானை அழுத்தினால் சத்தம் அடங்கிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு கணம் அவளே அழுத்திவிட்டாள் என்று நினைத்தார்.

"எடுத்துட்டியா?" என்று அவளைக் கேட்டார்.

திரையில் மகன் சத்தமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். டைல்ஸ்காரர் சட்டை நுனியால் அவள் விரலை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.