கடைசி ஆளாகக் கை நீட்ட இருந்த எங்கள் அண்ணை

நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தா என்று சின்னண்ணை வந்து கேட்டபோது, "ஆருக்கு மலர்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் மூத்த அண்ணைக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அண்ணைக்கா? போன மாதம் சைக்கிளில் வந்து படலையில் நின்று மணியடித்தவருக்கா? ஐயோ, என் மனம் இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

அண்ணை அவர்கள் புளியங்கூடலில் எங்கள் பெற்றோருக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். ஐயா வேளைக்கே கண்மூடிவிட, மீசை அரும்ப முன்னரே தெற்கே சிங்களப் பகுதியில் ஓர் உறவினரின் கடைக்குப் போனார். மூட்டை தூக்கி, சாக்கில் படுத்து, பின்னர் நாரந்தனைச் சிநேகிதர் ஒருவருடன் கூட்டாகச் சொந்தக் கடை வைத்தார். சின்னண்ணையின் படிப்பும் என் கலியாணமும் அந்தக் கடையால் நடந்தவை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடு இருவரும் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். "உயிர் இருக்குத்தானே தங்கச்சி, மிச்சத்தை உழைக்கலாம்" என்றார். அதன்பின் புகையிலைத் தோட்டம்தான் அவருடைய தொழில்.

அப்படித் தப்பி வந்த அந்தச் சிநேகிதர் சில வருடங்களின் பின் ஒருநாள் கிணற்றடியில் விழுந்தார், எழும்பவேயில்லை. பிறசர், இரத்த அழுத்தம் என்றார்கள். அது அவருக்கு இருந்ததே வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. செத்தவீட்டில் அண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு, "நெருப்புக்குத் தப்பி வந்தவன் ஒரு சத்தமுமில்லாமப் போறதே! இதென்ன அநியாயம்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. எங்கள் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போவார்கள். ஆண்களோ காய்ச்சல் கொதித்தாலும் மல்லித் தண்ணியோடு சமாளிக்கிறவர்கள். "வருத்தம் பாக்கப் போனால்தான் வருத்தம் வரும்" என்று தத்துவம் வேறு பேசுவார்கள். அண்ணை வீடுவீடாகப் போய்க் காசு சேர்த்தார். வெளிநாட்டில் இருந்த ஊர்ப் பிள்ளைகள் பிறசர் பார்க்கும் கருவி வாங்கி அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டொக்டரைக் கெஞ்சிக் கூட்டிவந்து, வாசிகசாலையில் ஆண்களுக்கென்றே இலவசமாகப் பிறசரும் சலரோகம் என்கிற சீனி வருத்தமும் பார்ப்பித்தார். தோட்ட வேலை குறைந்த காலங்களில் இது ஊரில் ஒரு வழக்கமாகிவிட்டது.

முதல்முறை வாசிகசாலைக்கு ஒரு குருவியும் வரவில்லை. ஆண்கள் எல்லாரும் வேப்பமர நிழலில் சீட்டுக் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணை டொக்டரை அங்கேயே கூட்டிக்கொண்டு போனார். "மச்சான், கடதாசியை இடக்கையில பிடி, வலக்கையை இஞ்ச நீட்டு. துரும்பு ஆரிட்டை இருக்கெண்டு டொக்டர் சொல்லமாட்டார்" என்றார். அன்று அங்கே பிறசர் பிடிபட்டவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் குளிசை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்கள். அண்ணையின் பாடையைத் தூக்கியவர்களில் அவர்களும் அடக்கம்.

எங்கள் ஊரில் அன்னதானம் கொடுக்கிற உபயகாரர் முதல் பந்தியில் இருக்கமாட்டார். வந்த சனம் எல்லாம் உண்டெழும்பிய பிறகுதான் அவருக்கு இலை. அண்ணைக்கு வாசிகசாலையும் கோயில் மடம் மாதிரித்தான். "நீங்களும் ஒருக்காக் கையை நீட்டுங்கோவன்" என்று மச்சாள், அண்ணையின் மனைவி, சொன்னால், "நான் கூப்பிட்ட சனம் காத்து நிக்கேக்க நான் முதல் இருக்கேலுமே? எல்லாரும் பாத்த பிறகு பாப்பம்" என்பார். எல்லாரும் பார்த்து முடிவதற்குள் பொழுது சாயும். யாழ்ப்பாணம் போகும் பண்ணைப் பாதை எப்போது பூட்டுப்படும் என்று தெரியாத போர்க்காலம். டொக்டர் அவசரமாகக் காரில் ஏறுவார். அண்ணை அவருக்கு முருங்கைக்காய்க் கட்டுக் கொடுத்து வழியனுப்புவார். ஒவ்வொரு முறையும் இதுதான் கதை. "ஊருக்குத்தான் உபதேசமோ?" என்று மச்சாள் ஏசுவார். அண்ணை பொய்க்காரர் அல்லர். அடுத்தமுறை கட்டாயம் பார்ப்பதாகத்தான் மனதார நினைத்திருந்தார்.

போன மாதம் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுக் குசினிக்குள் வந்தவர், "தலை இடிக்குது, தேத்தண்ணி தாரும்" என்று மச்சாளிடம் கேட்டிருக்கிறார். மச்சாள் திரும்பிப் பார்க்கையில் கதிரையில் சரிந்து கிடந்தார். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் இரத்தம் கசிந்திருக்கும், பிறசர் கனகாலமாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் எங்கள் டொக்டர் ஓடிவந்தார். அண்ணையின் தலைமாட்டில் நின்று, "ஊரில எல்லாரையும் பாத்தனான். இவரை நான் ஒருநாளும் பாக்கேல்லையே!" என்று வாய்விட்டு அழுதார். வந்திருந்த சனம் திகைத்துப்போய் ஆளை ஆள் பார்த்தது. மச்சாளைத் தவிர அது ஒருவருக்கும் தெரியாது. அண்ணை தனக்குப் பார்க்காமல் இருப்பாரா என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

இந்த வருத்தம் கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாம், உடனே பாருங்கள் என்றார் டொக்டர். எனக்குப் பார்த்தாயிற்று, பயமில்லை. அந்தியேட்டியன்று அவர் எங்கள் வீட்டுக்கே வர ஒத்துக்கொண்டிருக்கிறார். இலை போடுமுன் வருகிற ஆண்கள் அனைவரையும் பார்ப்பார். இதைச் சின்னண்ணையிடம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நல்லது பிள்ளை. ஆனா நான் வீட்டுக்காரன். வந்த சனத்தைக் கவனிச்சுப்போட்டுக் கடைசியாப் பாப்பம்."

அண்ணையின் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்கிறார்!

அண்ணையைத் தூக்கி வாகனத்தில் ஏற்றிய அயலவர்களுக்கும், பந்தலிட்டு உணவு தந்த உறவுகளுக்கும், தூரத்திலிருந்து தந்தியடித்தோருக்கும், கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், எங்கள் டொக்டருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். உங்கள் உதவி மறக்கக்கூடியதல்ல.

சின்னண்ணை, இதை உங்களுக்குக் காட்டாமல் நேரே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது ஊருக்கும் கொடுத்தாகியிருக்கும். எல்லாரும் வாசித்துவிட்டு உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோபித்தாலும் கோபியுங்கோ. சனத்தை நான் கவனிக்கிறேன். நீங்கள் முதல் ஆளாகப் போய்க் கையை நீட்டுங்கோ. இன்னொரு மலருக்கு எழுத என்னால் ஏலாது.

— தங்கை